படம் கைமாறுவதற்கு முன்னால்

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்ததும் பத்தொன்பது வருடம் பின்னால் போய்விட்டேன். கணவர் ஓவியர், இந்த நாட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, பழக்கமான நம்மவர் ஒருவர் குடும்பப் படம் வரையச் சொல்லியிருக்கிறார், அவரிடம் காசு எப்படிக் கேட்பது என்கிறீர்கள். கூடவே வீடு எங்கே பார்ப்பது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் வழி சொல்ல நிறையப் பேர் வருவார்கள். படத்துக்குக் காசு வாங்குவதைப் பற்றி எனக்கு அன்று யாருமே சொல்லவில்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்கு வந்த முதல் வேலை ஒருவருடைய காலமான அப்பாவின் உருவப்படம். கட்டைவிரல் அளவு பழைய புகைப்படம் ஒன்றைத்தான் கொடுத்தார். முன்பணம் கேட்க எங்களுக்குக் கூச்சம். எழுத்தில் எதுவும் இல்லை. இவர் படுக்கையறை மூலையில் நின்று ஆறு வாரம் வரைந்தார். வந்து பார்த்தவர், அப்பா இன்னும் கொஞ்சம் சிரிக்க வேண்டும் என்றார். அடுத்த முறை கண் சரியில்லை. அப்புறம் சட்டையின் நிறம். நான்கு முறை சுரண்டி, காயவிட்டு, மறுபடி வரைந்தோம். கடைசியில் வீட்டில் விசேஷம் என்று சொல்லி, ஈரம் முழுதும் காயாத படத்தை எடுத்துப் போனார். பணம் அடுத்த வாரம் என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. பணம் போனதைக் கூடத் தாங்கிக்கொண்டேன். இவர் இரண்டு மாதம் தூரிகையைத் தொடாமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து பணப் பேச்சு என் பொறுப்பு.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். விலை பேசும்போது வரைபவர் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. இருந்தால் இரக்கப்பட்டுப் பாதியாகக் குறைத்துவிடுவார். படத்தின் அளவுக்கு ஒரு விலை, கூடுதலாக ஒவ்வொரு முகத்துக்கும் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் அதே தாள்தான். அவ்வளவு முடியாது என்பவருக்குச் சின்ன அளவில் படம் கொடுங்கள், விலையைக் குறைக்காதீர்கள். விலையைச் சொன்ன பிறகு வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். அதைப் பழக எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இந்த ஊர் மொழியில் திருத்தமாக ஒரு கடிதம் எழுதவும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

நாங்கள் பணத்தை மூன்று பங்காக வாங்குகிறோம். தொடங்கும்போது ஒன்று, மாதிரி வரைவுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதும் ஒன்று, படம் கைமாறுவதற்கு முன்னால் ஒன்று. மாற்றங்களெல்லாம் வரைவிலேயே, அதுவும் இரண்டு முறைதான். மூன்றாம் பங்கு வராமல் படம் வாசலைத் தாண்டாது, கேட்பவர் யாராக இருந்தாலும் சரி.

நம்மவர்களிடம் வேலையே எடுக்காதே என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்களை நிலைநிறுத்தியவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள்தான். ஆனால் சோபாவில் ஒட்டியிருக்கும் விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, அதற்கு மேலே மாட்டும் படத்துக்கு மட்டும் "பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்பவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. உங்களுக்குப் பெயர் கிடைக்குமே என்பார்கள். பெயரைக் காட்டி வாடகை கட்ட முடியாது.

விசாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். துணையாக வந்தவருக்கு வேலை பார்க்க அனுமதி இருக்கலாம், சொந்தத் தொழில் செய்ய இல்லாமல் போகலாம். யார் பெயரில் ரசீது எழுதுவீர்களோ அவருக்குச் சொந்தத் தொழில் அனுமதி இருக்கிறதா என்று உரிய இடத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

காப்பிரைட்டையும், அதாவது படத்தை நகலெடுக்கும் உரிமை யாருக்கு என்பதையும், அதே தாளில் எழுதுங்கள். பல நாடுகளில் படத்தை விற்றாலும் அந்த உரிமை வரைந்தவரிடமே இருக்கும். ஆனால் இந்தியாவின் 1957 சட்டப்படி, பணம் கொடுத்து வரையச் சொன்னவருக்கே அது போகும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். இந்த நாட்டில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரை 1924-ல் மணந்த ஜோ, தானும் ஓவியர். கணவருடைய படங்களுக்குக் கணக்கேடு வைத்திருந்தார். ஹாப்பர் படத்தைச் சின்னதாகக் கோட்டில் வரைவார், ஜோ பக்கத்தில் விவரம், வாங்கியவர், விலை, கேலரி எடுத்த பங்கு எல்லாம் எழுதுவார். அதைப் பற்றித் தெரிந்த அன்றே நானும் ஒன்று வாங்கினேன். அதில் வார்னிஷுக்கு, அதாவது படத்தைக் காக்க மேலே பூசும் பூச்சுக்கு, ஒரு பத்தி உண்டு. எண்ணெய்ப் படத்துக்கு ஆறு மாதமாவது கழித்துத்தான் கடைசி வார்னிஷ் பூசுவார்கள். அந்தத் தேதியைக் குறித்து வைத்து, நாங்களே வீட்டுக்குப் போய்ப் பூசிக் கொடுப்போம். அந்த நேரத்தில் யாராவது உறவினர் வந்திருப்பார், படத்தைப் பார்ப்பார், அடுத்த வேலை அங்கேயே பேசி முடியும். எந்த விளம்பரமும் எங்களுக்கு அவ்வளவு வேலை கொண்டுவந்ததில்லை.

போன வருடம் ஒரு பெண் போன் செய்தாள். தாத்தா படத்தில் தூசி படிந்திருக்கிறது, எதைக் கொண்டு துடைப்பது என்றாள். யார் என்று கேட்டதும் புரிந்துவிட்டது. நோட்டின் முதல் பக்கத்தை எடுத்தேன். மீதித் தொகைக்கு நேரே வெற்றிடம், வார்னிஷுக்கு நேரேயும் வெற்றிடம். அன்று அவள் ஐந்து வயதுக் குழந்தை, இவர் வரைவதைத் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பணத்தைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. தண்ணீர் படக் கூடாது, உலர்ந்த மென்மையான தூரிகையால் மெதுவாகத் தட்டிவிடு, வார்னிஷ் பூச ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றேன்.