தோளில் மூன்று நட்சத்திரம்: வந்தவர் இன்ஸ்பெக்டரா, டி.எஸ்.பி.யா?

கேள்வி: பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டி இரண்டு அடி எங்கள் பக்கம் வந்துவிட்டார். கேட்கப்போன என் மகனைக் கம்பால் அடித்தார். காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் தோளில் மூன்று நட்சத்திரம் வைத்த அதிகாரி ஜீப்பில் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார். கூடவே சுற்றிய உள்ளூர்க்காரர் ஒருவர் மாலையில் வீட்டுக்கு வந்து, "வந்தது டி.எஸ்.பி. அய்யா. நாற்பதாயிரம் கொடுத்தால் வழக்குப் பதிவாகும். நாளை மறுநாள் உங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்" என்கிறார். நான் ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர், வயது 63. வந்தவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பணம் கொடுக்கலாமா?

பதில் (ஓய்வு பெற்ற காவல் துணைக் கண்காணிப்பாளர்): பணம் கொடுக்காதீர்கள், அம்மா. இது மட்டும் மனத்தில் பதிந்தால் போதும், மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

நீங்கள் நட்சத்திரத்தை எண்ணியிருக்கிறீர்கள். அதற்கு வெளியே, தோளும் கையும் சேரும் ஓரத்தையும் பார்த்திருக்க வேண்டும். அங்கே சிவப்பும் நீலமும் சேர்ந்த ஒரு சிறு ரிப்பன் குறுக்கே இருந்தால், மூன்று நட்சத்திரக்காரர் இன்ஸ்பெக்டர். ரிப்பன் இல்லாமல் மூன்று நட்சத்திரம் மட்டும் இருந்தால் டி.எஸ்.பி., அதாவது துணைக் கண்காணிப்பாளர். விரற்கடை அகலம்கூட இல்லாத அந்தத் துணிதான் இரண்டு பதவிகளையும் பிரிக்கிறது. தூரத்தில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. தரகர்களின் பிழைப்பே அதில்தான் நடக்கிறது.

என் ஊகம், வந்தவர் உங்கள் நிலைய இன்ஸ்பெக்டர். பல நிலையங்களைக் கொண்ட உட்கோட்டத்துக்கு ஒரு டி.எஸ்.பி. இருப்பார், வரப்புத் தகராறுக்கு அவர் ஜீப் ஏறுவது அரிது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவாகும் வழக்கு என்றால் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும் என்பது விதி. அதற்கு அவர் வந்தே தீரவேண்டும்.

மற்ற படிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் மூன்று பட்டை தலைமைக் காவலர், அதாவது ஏட்டு. இரண்டு நட்சத்திரமும் ரிப்பனும் எஸ்.ஐ., அதாவது உதவி ஆய்வாளர். அசோகச் சின்னம் மட்டும் என்றால் கூடுதல் எஸ்.பி. (கூடுதல் கண்காணிப்பாளர்); அதனுடன் ஒரு நட்சத்திரம் எஸ்.பி., மூத்த எஸ்.பி.க்கு இரண்டு, சின்னமும் மூன்று நட்சத்திரமும் டி.ஐ.ஜி. வாளும் கோலும் குறுக்காக வந்துவிட்டால் ஐ.ஜி.யும் அதற்கு மேலும். அவர்கள் உங்கள் வரப்பைப் பார்க்க வரப்போவதில்லை. சட்டையின் இடது கையில் ஒரு முத்திரை பார்த்திருப்பீர்கள். அது 2022இல் தமிழ்நாடு காவல்துறைக்குக் கிடைத்த குடியரசுத் தலைவர் கொடி என்ற கௌரவத்துக்கான அடையாளம். காவலர் முதல் டி.ஜி.பி. வரை அணிவது, பதவிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஊரே ஏமாறுவது இதில்தான். ஒரு நாள் மீசைகூடச் சரியாக அரும்பாத இளைஞர் ஒருவர் ஒற்றை நட்சத்திரத்தோடு வருவார். 'யாரோ புதிதாகச் சேர்ந்த பையன்' என்று நினைப்பீர்கள். ஓரத்தில் ரிப்பன் இருக்காது. தோள்பட்டையின் அடியில் ஐ.பி.எஸ். என்ற எழுத்துகள் இருக்கும். அவர் பயிற்சியில் இருக்கும் உதவி கண்காணிப்பாளர். அடுத்த கட்டத்தில் அவருக்கே இரண்டு நட்சத்திரம் ஏறும். அப்போதும் ரிப்பன் கிடையாது. பக்கத்தில் நிற்கும் எஸ்.ஐ.க்கும் இரண்டு நட்சத்திரம்தான், ஆனால் ரிப்பனோடு. அந்த எஸ்.ஐ.க்கு ஐம்பது வயது இருக்கலாம், இவருக்கு இருபத்தாறு. சில ஆண்டுகளில் மாவட்டத்தையே கவனிக்கப்போகிறவர் இவர். ஆகவே நட்சத்திர எண்ணிக்கையை வைத்து முடிவு கட்டாதீர்கள். முதலில் ரிப்பன், அடுத்து எழுத்துகள், நட்சத்திரம் கடைசி.

இந்தக் குழப்பத்துக்கு மக்களைக் குறை சொல்ல மாட்டேன். பதவிப் பெயர்களைத் தமிழில் வைத்தவர்கள் 'துணை', 'உதவி' என்ற இரண்டு சொற்களைப் போட்டு அடித்த கூத்தைப் பாருங்கள். மாவட்டத்தில் துணைக் கண்காணிப்பாளர் என்றால் மூன்று நட்சத்திர டி.எஸ்.பி. அதே பதவி நகரத்தில் உதவி ஆணையர். நகரத்தில் துணை ஆணையர் என்பவர் எஸ்.பி.க்குச் சமம். காவல்துறைத் துணைத் தலைவர் என்றால் அவர் டி.ஐ.ஜி. மூன்று 'துணை', மூன்றும் வேறு வேறு படி! உதவி ஆய்வாளரும் உதவி ஆணையரும் காதுக்கு அண்ணன் தம்பி போல ஒலிக்கிறார்கள்; நடுவில் ஒரு முழு இன்ஸ்பெக்டர் பதவி இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் காக்கி போட்ட நானே சில செய்தித்தாள் தலைப்புகளை இருமுறை படிக்கிறேன். காவல் நிலைய வாசலில் பதவிச் சின்னங்களின் படத்தை ஒரு பலகையில் வரைந்து மாட்ட எத்தனை ரூபாய் ஆகிவிடும்? நான் பணியில் இருந்தபோது இரண்டு முறை எழுதிக் கேட்டேன். கோப்பு இன்னும் எங்கோ உறங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது உங்கள் 'உள்ளூர்க்காரர்' விஷயத்துக்கு வருகிறேன். இவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நிலையத்து வேப்பமர நிழலில் நிற்பார்கள். எழுத்தருக்கு டீ வாங்கி வருவார்கள். அதிகாரி இடம் பார்க்கக் கிளம்பினால் வழிகாட்டுவதாக வண்டியில் ஏறிக்கொள்வார்கள். இன்ஸ்பெக்டரை டி.எஸ்.பி. ஆக்கினால் தொகை கூடும், கணக்கு அவ்வளவுதான். பல நேரம் அந்த அதிகாரிக்கே இந்த வசூல் தெரியாது. தெரிந்தே நடப்பதும் உண்டு. இல்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எப்படியானாலும், ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம். மிரட்டிக் கட்டாயப்படுத்தியதால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்வது நல்லது. அவர் மறுபடி வந்தால் வாசலோடு அனுப்பிவிட்டு, தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

நிலையத்துக்கு வரச் சொன்னாராம்! சாட்சி விசாரணைக்கு அழைப்பதானால் எழுத்தில் ஆணை வர வேண்டும். அப்போதும் பெண்களையும் அறுபது வயதைத் தாண்டியவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு இது. (இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லும் எழுத்தரை இன்னும் நான் பார்க்கவில்லை.) உங்கள் விஷயத்தில் இரண்டு தகுதியும் இருக்கிறது. தரகர் வாய்மொழியாகக் கொண்டுவரும் அழைப்புக்கு நீங்கள் அசைய வேண்டியதில்லை.

சீருடையே அத்தாட்சி என்றும் நம்பிவிடாதீர்கள். நட்சத்திரமும் ரிப்பனும் கடையில் கிடைக்கின்றன. நெஞ்சில் உள்ள பெயர்ப்பட்டையைப் படியுங்கள். கைது செய்ய வருபவர் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சாதாரண உடையில் வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள், பிறகு 100க்கோ 112க்கோ அழைத்து உறுதி செய்யுங்கள். உண்மையான அதிகாரி அதற்காகக் கோபிக்க மாட்டார். வீடியோ அழைப்பில் தோள் நிறைய நட்சத்திரம் காட்டி 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுபவன் திருடன். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள்.

உங்கள் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. இல்லையென்றால் உங்கள் மகன் நேரில் போய் வாங்கிவரட்டும். அதில் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். மகன் அரசு மருத்துவமனையில் காயத்தைக் காட்டினாரா? அந்தப் பதிவின் நகல் மிக முக்கியம். கம்பால் அடித்தது ஆயுதத்தால் ஏற்படுத்திய காயமாகக் கருதப்பட்டால் வழக்குப் பதிவு செய்வது நிலையத்தின் கடமை. முதல் தகவல் அறிக்கையின் நகலையும் இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதி மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம்.

வரப்பு மட்டும் தனிக் கதை. அதை இன்ஸ்பெக்டரும் டி.எஸ்.பி.யும் அளக்க முடியாது. இணையவழியிலோ இ-சேவை மையத்திலோ கட்டணம் கட்டி, நில அளவையர் வந்து அளந்து அத்து (எல்லை) காட்டும்படி விண்ணப்பியுங்கள். கட்டணத்துக்கு ரசீது உண்டு. நாற்பதாயிரத்தில் ஒரு சிறு துண்டுகூட ஆகாது.