மீன் தொட்டிச் செடிகள் இரண்டு கிழமையில் கரைந்து போவது ஏன்?

கேள்வியின் சாரம் இதுதான்: கொழும்பில் ஃபிளாட்டில் இருக்கிறீர்கள். கடையில் தளதளவென்று நின்ற செடி, வீட்டுத் தொட்டியில் நட்டு இரண்டு கிழமைக்குள் மெலிந்து வழுவழுத்துக் கரைகிறது. மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை. பிழை தண்ணீரிலா, லைட்டிலா?

பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. நீங்கள் வாங்கிய செடி அதுவரை தண்ணீருக்குள் வளர்ந்திருக்கவே மாட்டாது. செடி வளர்ப்பவர்கள் இவற்றில் பலவற்றை வேர் மட்டும் ஈரத்தில், இலை காற்றில் இருக்கும்படிதான் வளர்க்கிறார்கள். அப்படி வளர்த்தால் வேகமாக வரும், பாசி பிடிக்காது, நத்தை ஏறாது. காற்றில் விட்ட இலைக்கு மேல்தோல் தடிப்பு. தண்ணீருக்குள் போனதும் அதனால் வேண்டிய அளவு கரியமிலவாயுவை எடுக்க முடியாது. எனவே செடி அந்த இலைகளைக் கைவிட்டு, அடியில் சேர்த்து வைத்த உணவைக் கொண்டு மெல்லிய புது இலை விடப் பார்க்கிறது. நாம் அதைச் சாவு என்று நினைத்துப் பிடுங்கி எறிகிறோம்.

கிரிப்டோகொரைன் (சுருக்கமாகக் கிரிப்டோ) என்ற செடி இனம் இதில் மோசம். ஏற்கனவே தண்ணீருக்குள் இருந்ததைக்கூட ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு மாற்றினால் இலையை உதிர்த்துவிடும். இத்தனைக்கும் கடைகளில் கிடைக்கும் கிரிப்டோ வகைகளான வெண்ட்டி, பெக்கெட்டி, வோக்கரி, பார்வா எல்லாமே இலங்கைக்கே உரியவை. வெளிநாட்டுக்காரர்கள் ஆசையாய்த் தொட்டியில் வைக்கும் செடி, நம் நாட்டு ஓடைகளில் மர நிழலில் தானாக வளர்கிறது. நிழல் என்பதைக் கவனியுங்கள். இதற்குப் பலத்த லைட் தேவையே இல்லை. 2022 மின்வெட்டுக் காலத்தில் மணிக்கணக்காக லைட் இல்லாமலே என் வெண்ட்டி தாங்கிக்கொண்டது.

அப்போ என்ன செய்வது? இலை கரையத் தொடங்கியதும் செடியைத் தொடாதீர்கள். கரைந்த இலைகளை மட்டும் அடியோடு வெட்டி எடுங்கள். விட்டால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். பிறகு விரலை மணலுக்குள் விட்டுச் செடியின் அடியை மெதுவாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. சில கிழமைகளில் அந்த இடத்திலிருந்து ஊசி மாதிரிச் சுருண்ட ஒரு துளிர் எட்டிப் பார்க்கும். அடி நசிந்து, எடுத்து மணந்தால் நாறினால் மட்டும் எறியுங்கள்.

உண்மையாகவே செத்துப் போகிறதென்றால் முதலில் நட்ட விதத்தைப் பாருங்கள். அனூபியாஸ், ஜாவா ஃபேர்ன் இரண்டிலும் இஞ்சி போலக் கிடையாக ஓடும் தண்டை மணலுக்குள் புதைக்கக் கூடாது, புதைத்தால் அழுகும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டி விடுங்கள். தண்டுச் செடிகளைக் கட்டாக விற்கும்போது ஈயப் பட்டியோ ரப்பர் பேண்டோ சுற்றியிருப்பார்கள். அதை அப்படியே நட்டால் கட்டின இடம் நசுங்கிக் கறுத்து, மேல்பகுதி மிதந்து வந்துவிடும். கட்டை அவிழ்த்து, அடியில் ஓர் அங்குலம் வெட்டி, ஒவ்வொரு தண்டாக இடைவெளி விட்டு நடுங்கள். சின்னச் சட்டியில் வந்த செடியென்றால் வேரைச் சுற்றியுள்ள பஞ்சையும் முடிந்தவரை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது சூடு. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பல செடிகளுக்கு 24 முதல் 27 டிகிரி வசதி. கொழும்பில் மத்தியானம் பூட்டிய ஃபிளாட்டுக்குள் தொட்டி 30ஐத் தாண்டுவது சாதாரணம். சூடு ஏற ஏறச் செடி கூடுதலாக மூச்சுவிட்டுச் சேமிப்பைச் செலவழிக்கும். தண்ணீரில் கரைந்து நிற்கும் வாயுவோ குறையும். அந்த நிலையில் லைட்டைக் கூட்டினால் பாசிதான் வளரும். என் யோசனை: லைட்டை ஒரு டைமரில் போட்டு நாளுக்கு 6, 7 மணித்தியாலத்தோடு நிறுத்துங்கள். தொட்டியை யன்னல் வெயிலிலிருந்து தள்ளி வையுங்கள். மூடியைத் திறந்து ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீரின் மேல் ஓடவிட்டால் ஓரிரு டிகிரி இறங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கொழும்புப் பைப் தண்ணீரைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. குளோரின் மீனுக்குத்தான் எதிரி, அதை நீக்கிவிட்டால் சரி. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் போல இதில் சுண்ணாம்பு இல்லை. கிரிப்டோவுக்கு அது பொருட்டில்லை. நாடா போல நீண்ட இலையுள்ள வலிஸ்நேரியா மட்டும் சுண்ணாம்புத் தண்ணீரில்தான் துள்ளி வளரும், இங்கே கொஞ்சம் சோம்பலாக இருக்கும்.

உரம் போடுமுன் இலையைப் பாருங்கள். பழைய இலையில் ஊசி குத்தினாற்போல ஓட்டை என்றால் பெரும்பாலும் பொட்டாசியம் போதவில்லை. புது இலை வெளிறி வந்தால் இரும்புச் சத்துப் போதவில்லை. மீன் தீனியில் இந்த இரண்டும் போதிய அளவு கிடைக்காது. நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும். கிரிப்டோ வேரால் சாப்பிடும் செடி, அதற்கு மணலுக்குள் புதைக்கும் உர வில்லைதான் நல்லது. கடையில் திரவக் கார்பன் என்று ஒரு போத்தலையும் நீட்டுவார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரல்டிஹைட் என்ற கிருமிநாசினி. பாசியைக் குறைக்கும்தான், ஆனால் வலிஸ்நேரியா வைத்திருந்தால் அதையும் சேர்த்துக் கரைத்துவிடும். வாங்க வேண்டாம்.