‘தௌ’ மரியாதைச் சொல்லா?

கேள்வி: ஆங்கில பைபிளில் கடவுளை ‘தௌ’ (thou) என்கிறார்களே, அது ‘தாங்கள்’ மாதிரியா? பென்னாகரம் பஸ்ஸில் நண்பர்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது.
– வாசகர், தருமபுரி

பதில்: இல்லைங்க, நேர் எதிர். ‘தௌ’ நம்ம ‘நீ’, ‘யூ’தான் ‘நீங்கள்’. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் கடவுளுக்கும் ‘தௌ’தான், சாத்தானுக்கும் ‘தௌ’தான், ஆள் ஒருவர் என்றால் எல்லோருக்கும் அதுதான். அப்புறம் பேச்சில் ‘தௌ’ மெல்ல வழக்கொழிந்து ஜெபத்தில் மட்டும் தங்கிவிட்டதால், பின்னால் வந்தவர்கள் காதுக்கு அது மரியாதையாகக் கேட்டது. தீர்த்தமலையில் தேவாரம் பாடுகிறவர்களும் சிவனை ‘நீ’ என்றுதானே உரிமையோடு கூப்பிடுகிறார்கள்!

ஆனால் அதே சொல் நாலு பேர் முன்னால் வந்தால் சுருக்கென்று தைக்கும். 1603-இல் இங்கிலாந்தின் பிரபல கடலோடி வால்டர் ராலே மீது ராஜதுரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை அவமானப்படுத்தவே ‘தௌ’ போட்டுப் பேசினார். ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில், எதிரியைச் சண்டைக்கு இழுக்கக் கடிதம் எழுதப் போகிறவனிடம், மூன்று தடவை ‘தௌ’ போட்டாலும் தப்பில்லை என்கிறார் சர் டோபி. அந்தக் கால நாடகங்களைப் படிக்கும்போது, ‘யூ’ என்று பேசிக்கொண்டிருந்தவர் எந்த வரியில் ‘தௌ’வுக்கு மாறுகிறார் என்று கவனியுங்கள், பாசமோ கோபமோ அங்கேதான் தொடங்கும்.