ஆண்டு தேய்ந்த அமெரிக்கச் செம்பு சென்ட்: எந்த வகை என்று பிரிப்பது எப்படி?

கேள்வி: மொத்தமாக வாங்கிய பழைய நாணயங்களில் அமெரிக்காவின் பெரிய செம்பு சென்ட் ஐந்து இருக்கின்றன. மூன்றில் ஆண்டு படிக்க முடியவில்லை. எல்லாவற்றிலும் பெண் தலைதான். எப்படிப் பிரிப்பது?

பதில்: முதலில் விட்டத்தை அளந்துவிடுங்கள். பெரிய சென்ட் 26 முதல் 29 மி.மீ. வரை இருக்கும். 23 மி.மீ. அளவில் வந்தால் அது அரை சென்ட். கீழே சொல்லும் கணக்கு அதற்குப் பொருந்தாது.

அடுத்து, ஆண்டைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். வலப்பக்கம் என்றால் 1793–1807. இடப்பக்கம் என்றால் 1808–1857. எவ்வளவு தேய்ந்தாலும் மூக்கின் திசை தெரியும். விளக்கைக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக வைத்து, நாணயத்தை மெல்லச் சுழற்றினால் போதும்.

வலம் பார்ப்பவை நான்கு வகை. பூப் பக்கத்தில் 15 வளையம் கொண்ட சங்கிலி இருந்தால் அது 1793-இன் முதல் வகை; 36,103 மட்டுமே அடித்தார்கள். சங்கிலி அடிமைத்தனத்தை நினைவூட்டுகிறது என்று கண்டனம் எழ, அதே ஆண்டிலேயே இலைவளையத்துக்கு மாறினார்கள். அந்த இரண்டாம் வகையில் கழுத்துக்கும் ஆண்டுக்கும் நடுவே சிறு இலைக்கொத்து இருக்கும். இரண்டிலும் தலைமுடி கட்டின்றிப் பறக்கும். தோளுக்குப் பின்னால் கம்பும் அதன் நுனியில் தொப்பியும் தெரிந்தால் 1793–1796 தொப்பி வகை. கழுத்துக்குக் கீழே துணி மடிப்பும் பின்தலையில் ரிப்பன் முடிச்சும் இருந்தால் 1796–1807 வகை. ஆக, 1793-இல் மூன்று வகை, 1796-இல் இரண்டு. ஆண்டு படிக்கக் கிடைத்தாலும் வகை முடிவாகிவிடாது.

தொப்பி வகைக்குத் தராசு உதவும். தொடக்க எடை 13.48 கிராம், செம்பு விலை ஏறியதால் 1795 இறுதியில் 10.89 கிராமாகக் குறைத்தார்கள். எடை குறைந்தவற்றின் விளிம்பு வெறுமையானது. முந்தையவற்றின் விளிம்பில் 'ஒரு டாலருக்கு நூறு' என்ற பொருளில் ஆங்கில எழுத்துகள் ஓடும். ஆனால் தேய்மானம் எடையைத் தின்றிருக்கும். 11.5 கிராமுக்கு மேல் நின்றால் பழைய எடை என்று தைரியமாகச் சொல்லலாம். அதற்குக் கீழே போனால் விளிம்பைத்தான் நம்ப வேண்டும்.

இடம் பார்ப்பவற்றில்தான் தடுமாற்றம் அதிகம். மூன்று வகையிலும் 'லிபர்ட்டி' என்ற சொல் தலையணியில் இருக்கும், சுற்றிலும் நட்சத்திரங்கள். நெற்றியைச் சுற்றி வெறும் பட்டை, சுருள்முடி கழுத்தில் விழுகிறது என்றால் 1808–1814. இவற்றின் செம்பு மென்மையானது. அதனால் கறுத்து, முகம் மழுங்கியே பெரும்பாலும் கிடைக்கும். தலையணி நெற்றிக்கு மேல் கூர்மையாக எழும்பி, பின்தலையில் கொண்டை இருந்தால் 1816–1839. கொண்டையோடு பின்னலும் மணிக்கயிறும், முகம் சிறுத்தும் இருந்தால் 1839–1857. இதன் விட்டமும் சற்றுக் குறைவு, 27.5 மி.மீ.

பின்னல் தேய்ந்துபோனால் நாணயத்தைத் திருப்புங்கள். 'சென்ட்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு இருந்தால் கொண்டை வகை. பின்னல் வகையில் கோடு கிடையாது. 1839 மட்டும் விதிவிலக்கு. அந்த ஓராண்டில் பல தலைகள் வந்தன; சேகரிப்பாளர்கள் இரண்டுக்கு 'அசட்டுத் தலை', 'மடத் தலை' என்ற பொருளில் பெயரே வைத்துவிட்டார்கள். மடத் தலையில் கொண்டை வகை முகம் இருந்தும் கோடு இராது. முடிக்குப் பின்னால் தோள் நுனி துருத்திக்கொண்டிருப்பதை வைத்துப் பிடிக்கலாம்.

ஐந்தில் எதிலாவது 'ஒன் சென்ட்' என்பதற்கு முன்னால் 'நாட்' என்று இருந்தால் அது நாணயமே அல்ல. 1837-ஐ ஒட்டிய பண நெருக்கடியில் தனியார் அடித்த டோக்கன். அளவும் தலையும் அச்சு அசலாகச் சென்ட் போலவே இருக்கும்.

ஷெல்டன் எண், நியூகோம்ப் எண் என்று பட்டியல்களில் வருபவை வகை அல்ல, நாணயத்தின் இரு பக்கங்களையும் அடித்த ஒவ்வொரு அச்சு ஜோடிக்குமான எண்கள். முன்னது 1814 வரை, பின்னது 1816 முதல். வகை உறுதியான பிறகு அங்கே போகலாம்.

ஆண்டு தெரியவில்லை என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பழுப்புத் தோல் போய் வெறும் செம்பு தெரிந்தால் மதிப்பு சரியும், எழுத்தும் மீளாது.

படிக்க முடிகிற இரண்டில் ஒன்று 1804 என்றால் உடனே மகிழ வேண்டாம்; அது அரிய ஆண்டு, அதனால் போலியும் உண்டு. அசலில் ஆண்டின் பூச்சியம், மறுபக்கத்து 'ஆஃப்' சொல்லின் 'ஓ' எழுத்துக்கு நேர் பின்னால் நிற்கும். 1815 என்றால் சோதிக்கவே தேவையில்லை: அந்த ஆண்டைப் பொறித்த சென்ட் அடிக்கப்படவில்லை, யாரோ இலக்கத்தைச் செதுக்கியிருக்கிறார்கள்.