சட்டம் போட்டு மாட்டலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் கட்டடப் பொருள் கடை வைத்திருக்கிறேன். 11 பேர் வேலை செய்கிறார்கள். அதிகம் செலவில்லாமல் அவர்களைக் கௌரவித்து உற்சாகப்படுத்த விரும்புகிறேன். மாதம் ஒருவரைச் ‘சிறந்த பணியாளர்’ எனத் தெரிவுசெய்து, அவரது படத்தைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டலாமா?

பதில்: சுவரில் ஒரு படத்தைக் கண்டால் நம்மவர் கண் முதலில் தேடுவது மாலையையும் அதன் கீழே எரியும் சிறு விளக்கையுமே. சீமெந்து விலை கேட்க வந்தவர் “ஐயோ, எப்ப நடந்தது?” என்று துக்கம் விசாரிக்க, படத்துக்குரியவரே எதிரில் நின்று ஆணி நிறுத்துக்கொண்டிருப்பார். 2009இன் பின் மாட்டுவதற்கு ஒரு படங்கூட மிஞ்சாத வீடுகள் வன்னியில் இருக்கின்றன. ஆகையால் இந்தப் பகிடியை இவ்வளவில் நிறுத்துகிறேன்.

கணக்கும் இடிக்கிறது. தை மாதம் தொடங்கினால் கார்த்திகையோடு 11 பேரும் முடிந்துவிடுவார்கள். மார்கழியில் முதலாளியின் படம்தான் ஏறும் என்று அவர்கள் இப்போதே தமக்குள் பேசிச் சிரிப்பார்கள். முறை வைத்து விடுவதற்குப் பாராட்டு என்ன இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீரா? முறை வைக்காமல் உங்களுக்குப் பிடித்தவரையே தெரிவுசெய்தாலோ, மற்றப் பத்துப் பேரும் மறுநாள் முதல் சீமெந்து மூடையை ஆறுதலாகத்தான் இறக்குவார்கள்.

உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த சொல் ‘சட்டம்’. மரச்சட்டத்துக்கு முன்னர் போடவேண்டிய வேறு சட்டங்கள் உண்டு. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை கொடுக்கச் சொல்கிறது. கிழமைக்கு 45 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி கேட்கிறது. 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி அவர்களின் சம்பளத்தில் 8 வீதத்தோடு உங்கள் பங்காக 12 வீதமும் சேர்த்துக் கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குரிய 3 வீதம் முழுவதும் உங்களுடையது. இவற்றைக் கௌரவிப்புக் கணக்கில் எழுதாதீர்கள், இவை கடன். எட்டு வீதத்தைக் கழித்துவிட்டு எங்கும் கட்டாமல், ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துகிற முதலாளிமாரை இந்தப் பக்கத்தில் நான் ஏசுவது இது முதல் தடவையல்ல. பொன்னாடையைக் கொண்டுபோய்ப் பால்மா வாங்க முடியாது. எனக்குக் கிடைத்தவற்றுள் ஒன்று எங்கள் அச்சு இயந்திரத்தை மூடியிருக்கிறது. தூசு காப்பதில் அதைக் குறைசொல்ல மாட்டேன்.

நான் முதன்முதலில் வேலை செய்த அச்சகத்தின் முதலாளி சம்பளத்தை ஒருநாளும் உரிய திகதியில் தந்தவரல்லர். ஆனாலும் ஒரு காலையில், அச்சுக்குப் போகவிருந்த கலியாண அழைப்பிதழைக் கையில் பிடித்தபடி, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, “திகதி பிழையெண்டு நீர் இரவே கண்டுபிடிச்சது நல்லதாப் போச்சு தம்பி. இல்லாட்டில் சனம் அடுத்த கிழமைதான் கலியாணத்துக்கு வந்திருக்கும்” என்றார். “கெட்டிக்காரன்” என்று மட்டும் சொல்லியிருந்தால் மத்தியானமே மறந்திருப்பேன். நான் செய்தது இன்னதென்று அவர் பார்த்திருந்தார். அதனால்தான் அந்தச் சம்பளத்தோடும் அங்கே மூன்று வருடம் இருந்தேன். அவர் திகதிக்குச் சம்பளமும் தந்திருந்தால், இந்தப் பத்திரிகை தொடங்கப்பட்டிருக்காது.

உங்கள் கடையிலும் லொறியில் இரண்டு மூடை குறைவதைக் கண்டுபிடித்தவர் ஒருவர் இருப்பார். கடன் கேட்டு வந்தவரைச் சண்டையில்லாமல் அனுப்பியவர் ஒருவர் இருப்பார். அதை அன்றைக்கே, பெயரையும் செய்த காரியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாத முடிவுக்கு ஒத்திவைக்காதீர்கள். உங்கள் பணியாளருள் பாதிப் பேருக்காவது வயல் இருக்கும். பெரும்போக அறுவடைக் காலத்தில் வெட்டு இயந்திரம் தன் வசதிப்படிதான் வயலுக்கு வரும். அது வருகிற நாளில் அவரை முகஞ்சுளிக்காமல் விடுங்கள். விசுவமடுவுக்கோ முழங்காவிலுக்கோ போகிறவரை, கடைசிப் பேருந்தைப் பிடிக்கக் கால்மணி நேரம் முன்னதாக அனுப்புங்கள். வங்கியில் கடன் கேட்கப் போகும்போது காட்டுவதற்கு, ஒவ்வொரு மாதமும் கையொப்பமிட்ட சம்பளச் சீட்டைக் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு தாளின் விலை.

மரச்சட்டத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களாயின் எறியவேண்டாம். அடுத்த மாதம் யார் யாருக்கு எந்தெந்த நாள் விடுமுறை என்று தெளிவாக எழுதி, அதற்குள் வைத்து மாட்டுங்கள். ஒருவரும் வந்து துக்கம் விசாரிக்க மாட்டார்கள்.