நியூகேட் சிறையில் கைதிகள் எப்படி வாழ்ந்தார்கள்?

லண்டனின் நியூகேட் சிறை கொடுமைக்குப் பேர்போனதற்கு அக்காலத்தின் கடுந்தண்டனைகள்தாம் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய காரணம் பணம் என்றே நான் கருதுகிறேன். 12ஆம் நூற்றாண்டில் நகர மதிலின் வாயிலொன்றில் தொடங்கிய அந்தச் சிறை, 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் சிதைந்தும், 1780ஆம் ஆண்டுக் கலவரத்தில் எரிக்கப்பட்டும், மீண்டும் எழுப்பப்பட்டு 1902 வரை இயங்கியது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைமைக் காவலர் பதவியே விலைக்கு வாங்கப்பட்டது. போட்ட முதலைக் கைதிகளிடமிருந்துதான் அவர் எடுத்தாக வேண்டும். காலில் பூட்டிய கனத்த விலங்கை இலேசானதாக மாற்ற ஒரு கட்டணம், படுக்கைக்கு ஒரு கட்டணம், வசதியான பகுதியில் தங்க வேறொரு கட்டணம் என்று வசூல் நீண்டது. போதாக்குறைக்கு, புதிதாக வருபவர் பழைய கைதிகளுக்கும் பணம் தரவேண்டும்; இல்லையேல் உடுத்திய துணியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். என் மனத்தை மிகவும் வருத்துவது வேறொன்று: நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தவர்கூட விடுதலைக் கட்டணம் செலுத்தாமல் வெளியேற முடியாது. 1774இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகே அந்த அநீதி முடிவுக்கு வந்தது.

கையில் காசில்லாதவர்கள் காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அங்கே பரவிய 'சிறைக் காய்ச்சல்' தூக்குமேடைக்குப் போகும் முன்பே பலரைக் கொண்டுபோனது. 1750இல் அருகிலிருந்த ஓல்டு பெய்லி நீதிமன்றத்துக்கும் அது பரவி, லண்டன் மேயர், நீதிபதிகள் இருவர் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதிகாரத்தில் இருந்தவர்கள் இறந்த பிறகே கவலை பிறந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கெட்ட காற்றே காரணம் என்று நம்பி, சிறையின் கூரைமீது காற்றாலையால் இயங்கும் காற்றோட்டக் கருவியைப் பொருத்தினார்கள். உண்மையில் அது டைபஸ். உடையில் வாழும் பேன்களால் பரவுவது என்பது 1909இல்தான் தெரியவந்தது. மாற்றுத் துணி இல்லாத ஏழைக் கைதிக்கு அதிலிருந்து தப்பும் வழியே இருக்கவில்லை.

1813இல் சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃபிரை பெண்கள் பகுதிக்குள் சென்றபோது, குழந்தைகளோடு பெண்கள் வைக்கோலில் படுத்துக் கிடப்பதைக் கண்டார். குழந்தைகளுக்கு உடை கொண்டுவந்தார். பின்னர் உள்ளேயே பள்ளி ஒன்றைத் தொடங்கி, பெண்களுக்குத் தையல் வேலையும் ஏற்பாடு செய்தார். தாம் வகுத்த ஒழுங்கு விதிகளைத் திணிக்காமல், 1817இல் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, அப்பெண்களே கை உயர்த்தி ஏற்கும்படி செய்தார்.