கூகுள் மேப்பில் என் தையல் கடையைப் பதிந்தும் தேடினால் வரவில்லையே, ஏன்?

முதலில், கடை உங்களுடையதுதானா என்று கூகுள் செய்யும் சரிபார்ப்பு முடிந்ததா என்று பாருங்கள். முடியாதவரை தேடுபவர்களுக்குக் கடை தெரியாது. இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெரு, பெயர்ப்பலகை, உள்ளே தையல் மெஷின், நீங்களே ஷட்டரைத் திறப்பது எல்லாம் வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது முதன்மை வகையில்தான், அதாவது உங்கள் முக்கியத் தொழில் என்ன என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில். பிளவுஸ் தைப்பவர் 'துணிக்கடை' என்று போட்டால், தையல்காரரைத் தேடுபவருக்கு எப்படிக் காட்டும்? கூடுதலாக 9 வகைகள் வரை சேர்க்கலாம், செய்யாத வேலையைச் சேர்க்காதீர்கள்.

கடைப் பெயரோடு 'சிறந்த பிளவுஸ் தையல் கோவை' என்று ஒட்டவே ஒட்டாதீர்கள். பலகையில் இருக்கும் பெயர் மட்டும்தான் அனுமதி. மீறினால் பக்கம் முடக்கப்படலாம், திரும்பப் பெறுவது பெரும்பாடு. என்னென்ன தைப்பீர்கள் என்பதை 750 எழுத்துகள் கொள்ளும் விவரக்குறிப்பில் எழுதுங்கள்.

பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் வைத்தே கூகுள் வரிசைப்படுத்துகிறது. தூரம் உங்கள் கையில் இல்லை, ஆனால் பிரபலத்தை விமர்சனங்கள் மூலம் கூட்டலாம். அதனால் தைத்த துணியை வாங்கிப் போனவருக்கு அன்றே விமர்சன இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தள்ளுபடி தருகிறேன் என்று சொல்லி விமர்சனம் கேட்பது விதிமீறல். வந்த விமர்சனத்துக்கு, குறிப்பாகக் குறை சொன்னவருக்கு, மரியாதையாகப் பதில் போடுங்கள்.